குசினியில் ஒரு இங்கிலிஷ் வகுப்பு

"எழும்பி நில்லுங்கோ," என்றாள் பிளோறன்ஸ்.

பிர்கிட் என்ற அந்த அறுபது வயது டேனிஷ்காரி திருதிருவென்று விழித்தாள். பக்கத்தில் இருந்த கஜந்தி டேனிஷில் எடுத்துச் சொன்னதும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள்.

"அண்ணி, வயசுபோன மனுசி."

"கண் தெரியுது எனக்கு. திரும்பத் திரும்ப 'ஷி கோ' எண்டால் ஆலாத்தி எடுக்கிறதோ? எங்கட கொன்வென்றில எண்டால் சிஸ்டர்மார் முழங்காலில விட்டிருப்பினம்."

ஃபிளென்ஸ்பேர்க் ஜெர்மனியின் வடக்கு விளிம்பு. கொஞ்சம் நடந்தால் டென்மார்க். டேனிஷ் பேசுகிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

கஜந்தி பிளோறன்ஸின் புருஷனுடைய தங்கச்சி. டென்மார்க்கில் வாழ்ந்துவிட்டு இந்த வருஷம்தான் இங்கே குடிவந்தாள். வந்த கையோடு, அண்ணி சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் புகுந்துவிட்டாள்.

"அண்ணி, டேனிஷ் ஆக்களின்ர மாலைப்பள்ளியில ஒரு வேலை இருக்கு. இங்கிலிஷ் சோதிச்சுப் பார்த்துத்தான் எடுப்பினமாம். எனக்குக் கொஞ்சம் படிப்பியுங்கோ."

"இருபது வருஷமா அங்க என்னத்தைப் படிச்சனி?"

"டேனிஷ்."

போதாக்குறைக்கு, தெரிந்தவள் என்று இந்தப் பிர்கிட்டையும் கூட்டிவந்தாள். அவளும் படிக்கப் போகிறாளாம். ஒருத்திக்கு இடம் கொடுத்தால் ஊரையே இழுத்து வருகிறாள் என்று பிளோறன்ஸ் முணுமுணுத்தாள். ஆனாலும் அன்றைக்கு அவள் வைத்த குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. திரும்பவும் படிப்பிக்கிற சந்தோஷம் அப்படி.

ஊரில் அவள் இங்கிலிஷ் ரீச்சர். இங்கே வந்த புதிதில் வேலை கேட்டுப் போன இடத்தில் அவளுடைய சேர்ட்டிபிக்கற் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு இடத்தில் கேட்டுப் பார் என்று புருஷன் செல்வரட்ணம் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனார்.

"பல்லைக் காட்டிக்கொண்டு ஆரின்ரயும் வாசலில நிக்க என்னால ஏலாது," என்று அந்தக் கதைக்குப் பூட்டுப் போட்டவள் பிளோறன்ஸ்.

இப்போது பூட்டு உடைந்து இலக்கணம் அருவியாய்க் கொட்டியது.

"இது கத்தி. நவுண். வெட்டுறது வேர்ப். கூரான கத்தி எண்டால் அந்தக் கூரான அட்ஜெக்டிவ். சடசடவெண்டு கெதியா வெட்டினால் அந்தக் கெதியா அட்வேர்ப். விரல் போனால் 'ஐயோ', அது இன்டர்ஜெக்ஷன்."

பிர்கிட் சிரித்தாள். பிறகு "ஷி கோ" என்றாள்.

பிளோறன்ஸ் தலையில் கை வைத்தாள். "கஜந்தி, நான் போறன், நீ போறாய், அவள் போறாள். இதை டேனிஷில சொல்லு பாப்பம்."

"யை கோர். டு கோர். ஹுன் கோர்."

"எல்லாருக்கும் ஒண்டோ?"

"ஓம் அண்ணி. ஆர் போனாலும் கோர்தான்."

பிளோறன்ஸ் அகப்பையைக் கீழே வைத்தாள். முகம் பளிச்சென்றது.

"அப்ப நீங்கள் மொக்குகள் இல்லை. உங்கட நாக்கு டேனிஷில நடந்து பழகியிட்டுது, அவ்வளவுதான். தமிழில ஆளுக்கு ஆள் வால் மாறும். இங்கிலிஷ்காரன் கஞ்சன். அவன், அவள், அது, இந்த மூண்டுக்கும் மட்டும் ஒரு எஸ் தருவான்."

தன் ஏப்ரனைக் கழற்றிப் பிர்கிட்டின் கழுத்தில் மாட்டினாள்.

"ஏப்ரன் போட்ட ஆளைப் பற்றி மற்றவை கதைச்சால் எஸ் வரவேணும். அந்த ஆளே தன்னைப் பற்றிச் சொன்னால் எஸ் இல்லை. கஜந்தி, தொடங்கு."

"ஷி குக்ஸ்."

"ஐ குக்," என்றாள் பிர்கிட்.

ஏப்ரன் கைக்குக் கை மாறியது. ஷி கட்ஸ், ஷி வோஷஸ், ஷி கோஸ் என்று குசினியே அமளிப்பட்டது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த செல்வரட்ணத்துக்கும் ஏப்ரன் விழுந்தது. "ஹி ஈற்ஸ்," என்றாள் பிளோறன்ஸ். "வேற என்ன தெரியும்?"

நடுவில் பிர்கிட் கை தூக்கினாள். "டஸ் ஷி கோ" என்று கேள்வி கேட்கும்போது "கோ"வுக்கு எஸ் ஏன் இல்லை?

"அது முன்னுக்கு ஓடிப்போய் 'டஸ்'ஸில ஏறியிட்டுது. ஒரு வசனத்துக்கு ஒரு வால் போதும்." பிறகு கஜந்தியிடம் திரும்பினாள். "பார், நிண்டு படிச்ச மனுசிக்கு மூளை வேலை செய்யுது. நீயும் எழும்பு."

ஒரு வாரம் வகுப்பு இப்படியே நடந்தது. வெள்ளிக்கிழமை மாலைப்பள்ளிக்குக் கஜந்தியைப் பிளோறன்ஸ் தானே கூட்டிப்போனாள். சோதனை கஜந்திக்கு, வழி முழுக்க வாய் ஓயாதது பிளோறன்ஸுக்கு.

"அவசரப்படாத. எஸ்ஸை விழுங்காத. கேள்வி விளங்காட்டி திருப்பிக் கேள், வெக்கமில்லை. நீ தேறாட்டி அது என்ர படிப்பிப்புக்குத்தான் குறை."

பொறுப்பாளரின் அறைக் கதவைத் திறந்தால், மேசைக்குப் பின்னால் பிர்கிட்.

பிளோறன்ஸ் பதறிப்போய் அதட்டினாள். "நீங்கள் ஏன் அதில இருக்கிறியள்? பொறுப்பாளர் வந்தால் என்ன நினைப்பார்? எழும்புங்கோ."

பிர்கிட் எழும்பினாள். கை நீட்டினாள். தங்குதடையில்லாத இங்கிலிஷில் பேசினாள். தான்தான் பொறுப்பாளர் என்றாள். டேனிஷ் பேசுகிற பெரியவர்களுக்கு இங்கிலிஷ் இலக்கணத்தை மண்டையில் ஏற்றக்கூடிய ஓர் ஆளைத் தேடித் தேடி அலுத்திருந்தாளாம். செவ்வாய்க்கிழமை வகுப்பைத் தொடங்க ஏலுமா என்று கேட்டாள்.

பிளோறன்ஸ் ஒரு அடி பின்னால் போனாள். "என்ர சேர்ட்டிபிக்கற் இங்க..."

"நான் ஒரு வாரம் உங்களிடம் படித்தவள்," என்றாள் பிர்கிட்.

பிளோறன்ஸ் கஜந்தியின் பக்கம் திரும்பினாள். "அப்ப சோதனை?"

"உங்களுக்குத்தான் அண்ணி. பள்ளிக்கூடத்துக்கு வாங்கோ எண்டால் நீங்கள் வரமாட்டியள். அதுதான் பள்ளிக்கூடத்தை உங்கட குசினிக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்."