துணியின் மறுமுனை

கிழவர் சுடலைமுத்து டிரிப்ஸ் ஊசியை மறுபடியும் பிடுங்கி எறிந்தார். வார்டு நர்ஸ் ஜெபக்கனி அதை இடது கையில் திரும்ப ஏற்றி, பிடுங்குகிற வலது கையைக் காஸ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிட்டு, மனநலப் பிரிவுக்குப் போன் செய்தாள். மத்தியானத்துக்கு மேல்தான் அங்கிருந்து தமயந்தி சிஸ்டர் வந்தாள். கிழவரோடு கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு கம்பியிலிருந்த முடிச்சை அவிழ்த்து, துணியின் நுனியை ஜெபக்கனியின் கையில் கொடுத்தாள்.

"கம்பியில கட்டினா இழுத்துக்கிட்டேதான் இருப்பார். ஆள் பிடிச்சிருந்தா அடங்குவார்."

"வார்டு பூராவுக்கும் நான் ஒருத்திதான், சிஸ்டர். இதுக்கா உங்களக் கூப்பிட்டேன்?"

"எனக்கு இன்னும் ரெண்டு வார்டு கிடக்கு" என்றாள் தமயந்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டே. போய்விட்டாள்.

கிழவர் துணியை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். மறுமுனையில் ஜெபக்கனியின் கை அசைந்து கொடுத்தது. இன்னொரு முறை சுண்டினார். அதற்கப்புறம் ஊசிப் பக்கம் கை போகவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். தமயந்தி சொன்னபடியே நடந்ததில் ஜெபக்கனிக்கு எரிச்சல்தான் வந்தது. ஜன்னலோரக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். ஓசைப்படாமல் துணியைக் கம்பியில் கட்டப் போனாள்.

துணி இறுகியது.

"எங்கம்மா போற?" கண்ணைத் திறக்காமலே கேட்டார். "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கியே. கொஞ்சம் உக்காரு."

அன்றைக்கு அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். மறுபடியும் தண்ணீர் கேட்டது அந்தக் குரல். காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்தபடி, ஜெபக்கனி துணியை விடாமல் நின்றாள்.