ஞாயிற்றுக்கிழமை ரசிகர்கள்

"சொல்லிடாதீங்க தலைவரே, கெஞ்சிக் கேட்டுக்கறேன்" என்றான் கோல்கீப்பர் டாமியான்.

"பாவம்டா அவங்க. இங்கிலாந்துல இருந்து வந்து நம்ம ஊர்ல குடியேறின வயசான ஜனங்க. வாராவாரம் கொடியும் டிரம்முமா வந்து, தொண்டை கிழிய உங்களுக்காகப் பாடறாங்க. இன்னும் எத்தனை நாள்டா ஏமாத்துவீங்க?"

கால்பந்து கிளப்பின் புதுத் தலைவர் எவரிஸ்தோ யார் பேச்சையும் கேட்பவர் இல்லை. அன்றைய ஆட்டத்திலும் பையன்கள் தோற்று முடித்ததும், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த கிளைவ், மோரீன் தம்பதியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கிளைவ், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊரோட நிஜ டீம் சனிக்கிழமை சாயங்காலம் ஆடும். ஞாயித்துக்கிழமை ஆடற இவனுங்க அதுல இடம் கிடைக்காத பசங்க. அதே சட்டை, அதே மைதானம். நீங்க இதுதான் டீம்னு நினைச்சு வந்துட்டீங்க. முதல்முதலா யாரோ தங்களுக்காகப் பாடவும், உண்மையைச் சொல்ல இவனுங்களுக்கு மனசு வரல."

கிளைவ் மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்தாள்.

"முதல் வருஷமே தெரியுங்க" என்றார் கிளைவ். "ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தோம். நல்லாத்தான் ஆடறாங்க. முடிஞ்சதும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டாங்க. இவனுங்க ஒவ்வொரு தடவையும் தோத்துட்டு, வேலி வரைக்கும் வந்து எங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போறானுங்க."

டாமியான் மைதானத்தில் நின்று கவலையோடு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

மோரீன் அவனுக்குக் கையசைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்களுக்குத் தெரியும்னு அந்தப் பசங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தலைவரே. பாவம், மனசு உடைஞ்சு போயிடும்."