தழும்புத் தகடு

சூரியனைப் பிடித்துக் கலத்தில் அடைத்துவிட்டோம் என்று அணு இணைவு ஆய்வுக்கூட இயக்குநர் மேடைதோறும் சொல்வார். அது எரிந்து அணையும் ஒவ்வொரு துடிப்புக்கும் கலத்தின் உட்சுவரைக் கொஞ்சம் தின்பதை மட்டும் சொல்லமாட்டார். ஒரே சுவர்த்தகடு ஆயிரம் துடிப்பு தாங்கினால்தான் ஆய்வு தொடரும். பராமரிப்புப் பிரிவு பூங்கோதையின் தகடு, முகமெல்லாம் அம்மைத் தழும்போடு, தொள்ளாயிரத்து எண்பதைத் தொட்டிருந்தது.

அமைச்சர் வரும் நாள் காலையில் இயக்குநர் கலத்தின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, அசிங்கமா? புதுசு மாட்டுங்க."

"இன்னும் இருபதுதான் சார். கழற்றினா மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்."

"அமைச்சர் பார்த்தா முகம் தெரியணும்."

"அப்போ கண்ணாடியே மாட்டிடலாமே சார்."

கிண்டல் அவருக்கு எட்டவில்லை. "நல்ல யோசனை" என்றார்.

கைகழுவுமிடத்துக் கண்ணாடி ஜன்னலை மறைத்துக்கொண்டது. அமைச்சர் அதன்முன் நெடுநேரம் நின்று, மீசையை ஒதுக்கி, "பிரமாதமான தொழில்நுட்பம்" என்றார்.

இயக்குநரின் வரவேற்புரை இருபது துடிப்புக்குத் தாராளமாகப் போதும். தகடு விரிசல் விட்டால் சூடு கடக்காமல் பின்னாலுள்ள தண்ணீர்க் குழாய் குளிர்ந்துவிடும். ஆயிரமாவது துடிப்பின் அதிர்வு தரையில் வந்ததும் பூங்கோதை குழாயில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பு மெல்ல ஏறியது. கைதட்டல் கேட்டது, அவள் கையை எடுக்கவில்லை.