கட்டையன் போட்ட படம்

செம்பி என்ற கழுதையை இன்னொரு கழுதையான கட்டையன் கடைசியாக உயிரோடு பார்த்தது செங்கல் சூளைச் சரிவில். அறுபது கல்லைச் சுமந்துகொண்டு கால் நடுங்க நின்றிருந்தாள்.

நாற்பதுக்கு மேல் சுமப்பதில்லை என்று கழுதைகள் சங்கமாகக் கூடி முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்த வாரம் அது. முந்தின நாள்தான் கட்டையன், அறுபது கல்லோடு நிமிர்ந்து நிற்கும் தன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, "அறுபதெல்லாம் நமக்கு ஒரு சுமையா?" என்று எழுதியிருந்தான்.

"அந்தப் படத்தைக் காட்டித்தான் அண்ணே, முதலாளி எங்க வாயை அடைச்சார்," என்றாள் செம்பி. "படம் என்னவோ நல்லாத்தான் விழுந்திருக்கு."

"விளையாட்டுக்குப் போட்டேன், தாயி."

"தெரியும். நானும் லைக் போட்டேனே."

அவள் சரிவில் இறங்கினாள். பாதியில் விழுந்தவள் எழவில்லை.

கட்டையன் அன்றே படத்தை நீக்கிவிட்டான். முதலாளியின் போனில் அது இன்னும் இருக்கிறது.