ஊருக்கு மேலே சிவப்பு

கோடியக்கரை அமலி, தன் தொலைநோக்கி வழியே எடுத்த ஓரியன் நெபுலாவின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள். சிறகு விரித்தாற்போன்ற அந்தச் செந்நிற வாயுமேகத்தைப் பார்க்க வந்தவர்கள் கிட்டே போய்ப் போய்ப் பார்த்தார்கள்.

புயலில் காணாமல்போன அவள் கணவன் ஜோசப்ராஜின் படகு ஒரு விடியலில் கரை சேர்ந்தது. ஊரே ஆர்ப்பரித்து அவனைத் தோளில் தூக்கியது.

“எப்படிங்க வழி தெரிஞ்சுது?” என்றாள் அமலி.

“வானம் பூரா இருட்டு. ஜிபிஎஸ்ஸும் போச்சு. உன் படத்துல இருக்கே அந்தச் செவப்பு, அது மட்டும் நம்ம ஊருக்கு மேல தெரிஞ்சுது. அதப் பாத்தே ஓட்டிட்டு வந்தேன்.”

அமலி வீட்டுக்கு ஓடினாள். படத்தில் விண்மீன்கள் அப்படியே இருந்தன. நெபுலா இருந்த இடம் வெறும் கறுப்பு. அவள் வாய்விட்டுச் சிரித்தபடி வெளியே வந்தாள். கரையில் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள். வெயில் ஏறிய வானத்தில் அது இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.