பல்லில் ஒன்றும் இல்லை

வவுனியாவுக்கு மாற்றலாகி வந்திருந்த பல் டொக்டர் சஞ்சுதாவிடம், ஆட்கள் குறைந்த நேரம் பார்த்துக் கிழமைக்கு ஒருதரம் வந்துவிடுவாள் ஸாஜிதா.

“டொக்டர், கடைவாய்ப் பல்லு கூசுது.”

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் சொத்தையும் இல்லை, ஈறு வீக்கமும் இல்லை. ஆனாலும் ஊர்க்கதையெல்லாம் கதைத்து முடித்துவிட்டுத்தான் கதிரையை விட்டு எழும்புவாள். சஞ்சுதாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்று ஸாஜிதா போனதும் சஞ்சுதா தாதியிடம் சொன்னாள்:

“பாவம், வீட்டில கதைக்க ஆளில்லைப் போல.”

தாதி தயங்கினாள்.

“அவவின்ர வீடு நிறையச் சனம், டொக்டர். பல்லிலயும் நோ இல்லையாம். ‘அந்த டொக்டர்ப் பிள்ளை எங்கட சாப்பாட்டுக் கடையில நெடுகத் தனிய இருந்து சாப்பிடுது, பார்க்க மனசு கேக்குதில்லை’ எண்டுதான் வாறா.”

அடுத்த ஆளைக் கூப்பிட வாயெடுத்த சஞ்சுதா, எழும்பி வாசலுக்குப் போய், ஸாஜிதா தெருவில் தெரிகிறாளா என்று எட்டிப் பார்த்தாள்.