ஆபீசரம்மா

அறை விழுந்த வேகத்தில் வள்ளிக்கண்ணு நாற்காலியோடு சாய்ந்தாள். உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

"ஆபீசரை அடிச்சா விசா குடுப்பாங்களாங்க?" என்றாள், எழுந்து உட்கார்ந்து.

கணவர் சின்னையாவுக்கு மூச்சு வாங்கியது. "அவன் பேரை எதுக்குடி கேட்ட?"

"அங்கயும் கேப்பாங்க. மருமகன் பேரே தெரியாதுன்னா உள்ள விடுவாங்களா? சொல்லிப் பழகுங்க."

சொன்னார். பெயரைச் சொன்ன மாதிரி இல்லை, எச்சிலைத் துப்பிய மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் சென்னையில் அமெரிக்க விசாவுக்கான இன்டர்வியூ. அதற்காக புத்தூரில் ஒரு டிராவல்ஸ்காரர் வகுப்பு நடத்தினார். மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்க, ரைஸ் மில் முதலாளிக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. "நீ போய்க் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு" என்று மனைவியை அனுப்பினார். வள்ளிக்கண்ணு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப்போய், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள். வீட்டு ஒத்திகையில் அவள்தான் ஆபீசர்.

இளைய மகள் ஜோதி, வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அமெரிக்கா போனவள். அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தையின் படத்தை மனைவியின் போனில் பார்த்த அன்றே சின்னையா பாஸ்போர்ட்டுக்கு ஏற்பாடு செய்தார். "பேரனைப் பார்க்கணும்" என்றார். மனுஷன் மாறிவிட்டார் என்றார்கள் சொந்தக்காரர்கள்.

மூத்தவள் வேணி, சுவரில் மாலைக்குள் இருந்தாள். அவளும் பிடித்தவனோடு கிளம்பியவள்தான். சமாதானம் பேசித் திருப்பி அழைத்து வந்தவர் அப்பா. மறுநாள் மண்ணச்சநல்லூரில் மில் கிணற்றில் மிதந்தாள். தவறி விழுந்துவிட்டாள் என்றார் அவர். அவருடைய புறங்கையில் இருந்த நகக்கீறல்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"எவ்வளவு நாள் தங்குவீங்க?" ஆபீசரம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"ஒரு வாரம் போதும். வேலை முடிஞ்சதும் திரும்பிடுவேன். மில்லு கிடக்கு, வயலு கிடக்கு." புறங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டார்.

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்க! ஒரு வாரம்னா சந்தேகப்படுவாங்க. மில்லு, வயலுன்னு பேச்சே எடுக்காதீங்க. எனக்கு இங்க ஒண்ணுமில்ல, மகளோடயே இருந்து பேரனை வளக்கப்போறேன்னு சொல்லுங்க. சொல்லும்போது கண்ணுல தண்ணி வரணும்."

"தண்ணியா? எனக்கா?"

"வேணியை நினைச்சுக்குங்க."

அவர் கை மேலே போனது. அவள் கண்ணை மூடவில்லை. கையை இறக்கிவிட்டு அவர் சிரித்தார்.

"கெட்டிக்காரிடி நீ."

இன்டர்வியூ முடிந்து திரும்பியவர், வாசலிலிருந்தே பாஸ்போர்ட்டை அவள் முகத்தில் விட்டெறிந்தார்.

"நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமச் சொன்னேன்டி. அழுதுகூடக் காட்டினேன். ரெண்டே நிமிஷத்துல இல்லைன்னு அனுப்பிட்டா!"

"நம்ம நேரம் சரியில்லைங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் பெல்ட்டைக் கழற்றினார். அது அறுந்த பிறகுதான் நிறுத்திவிட்டு வெளியே போனார்.

வள்ளிக்கண்ணு சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு ஜோதிக்குப் போன் செய்தாள்.

"அப்பாவுக்கு விசா கிடைக்கலைடி."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல். பிறகு குரல் கசந்தது. "கிளாஸுக்கெல்லாம் போயி நீதான் சொல்லிக் குடுத்தியாமே? சித்தி சொன்னா. அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சும் அவரை எங்கிட்ட அனுப்பப் பாத்தியாம்மா?"

வள்ளிக்கண்ணு உடைந்த பல்லைக் கையில் துப்பினாள்.

"எதைச் சொன்னா விசா தரமாட்டாங்களோ, அதைத்தான்டி சொல்லிக் குடுத்தேன்."